தாய்நாட்டுத் தயாரிப்பா, வெளிநாட்டு அசெம்பிளியா: எந்தக் கார் உறுதி?

ஒரே மாடல், ஒரே எஞ்சின். ஒன்று அந்த நிறுவனத்தின் தாய்நாட்டில் தயாரானது, இன்னொன்று வேறு நாட்டு ஆலையிலிருந்து வந்தது. எதை எடுப்பது என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் முதலாவதைத்தான் சொல்வார்கள். ஜெர்மன் கார் ஜெர்மனியிலும் ஜப்பான் கார் ஜப்பானிலும் செய்ததாக இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமானது. அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் நாம் தேடும் இடத்தில் இல்லை.

நாடு மாறாமல் நிர்வாகம் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையைவிட நல்ல சான்று கிடைக்காது. ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய காலத்தில் வேலைக்கு வராதவர்கள், வேலைநிறுத்தம், மோசமான தரம் என்று எல்லாவற்றுக்கும் பேர் போன இடம் அது. 1982-இல் மூடிவிட்டார்கள். 1984-இல் டொயோட்டாவும் ஜிஎம்மும் கூட்டாக, நும்மி என்ற பெயரில் அதையே மறுபடி திறந்தன. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்கள், தொழிற்சங்கமும் அதேதான். உற்பத்தி முறை மட்டும் டொயோட்டாவுடையது. ஒரு குழுவை ஜப்பானில் டொயோட்டாவின் தகஓகா ஆலைக்கு அனுப்பிப் பழக்கினார்கள். கோளாறு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து உற்பத்தி லைனை நிறுத்தலாம் என்றார்கள். சில ஆண்டுகளுக்குள் அங்கே வந்த கார்களின் தரம் தகஓகாவை நெருங்கிவிட்டது. ஊர் மாறவே இல்லை, ஆட்களும் பெரும்பாலும் மாறவில்லை.

(அதே லைனில் டொயோட்டா கொரோலாவும் ஜிஎம்மின் ஜியோ பிரிசமும் ஒன்றாகத்தான் தயாராயின. அப்படியும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் கொரோலாவுக்குத்தான் மதிப்பு. நம்பிக்கை என்பது பல நேரம் பேட்ஜைப் பார்த்து வருவது.)

இதே ஆலை 2010-இல் டெஸ்லா கைக்குப் போனது. மாடல் 3-இன் ஆரம்பக் கார்களில் கதவுக்கும் பாடிக்கும் இடையே இடைவெளி சீராக இல்லை, பெயின்ட் சரியில்லை என்று புகார்கள் குவிந்தன. பிறகு ஷாங்காய் ஆலையிலிருந்து வந்த மாடல் 3-இன் ஃபினிஷிங் மேல் என்று பல விமர்சகர்கள் எழுதினார்கள். உடனே ‘சீனா அமெரிக்காவை வென்றது’ என்று படிக்க வேண்டாம். ஃப்ரீமான்ட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் வைத்துக் கட்டிய லைன் ஷாங்காயுடையது. பின்னால் வந்தது என்பதே அதற்கு ஒரு லாபம்.

1980-களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகெங்கும் அசெம்பிளி ஆலைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெருவாரியாகக் கார் செய்யும் ஆலைகளில் தரத்தில் முதலிடம் பிடித்தது எது தெரியுமா? மெக்சிகோவின் எர்மோசியோவில் இருந்த ஃபோர்டு ஆலை. மாஸ்டாவின் வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்ட காரை மாஸ்டாவின் வழிமுறையில் செய்த புது ஆலை அது. அதே ஆய்வில் ஐரோப்பிய சொகுசுக் கார் ஆலை ஒன்றில் வேறு கதை. லைனில் விட்ட பிழைகளைக் கடைசியில் உட்கார்ந்து திருத்த அங்கே செலவான உழைப்பு, ஜப்பானிய ஆலை ஒரு காரைப் பிழையின்றிச் செய்து முடிக்கத் தேவையான உழைப்பைவிட அதிகம். வாங்குபவர் கைக்கு வந்த கார் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தாய்நாட்டுக் கைத்திறன் என்று நாம் வியப்பதில் ஒரு பகுதி இந்தத் திருத்த வேலைதான் என்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே படுகிறது.

சரி, ஒரே கார் இரண்டு நாடுகளில் தயாரான நேரடி ஜோடிகளைப் பார்ப்போம். மெர்சிடிஸ் எம்-கிளாஸ் 1997-இல் அமெரிக்காவின் அலபாமாவில் தொடங்கியது. புது ஆலை, புது ஆட்கள், புது மாடல் மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தன. ஆரம்பக் கார்களின் தரம் பற்றிப் புகார்கள் வந்ததில் வியப்பில்லை. 1999 முதல் 2002 வரை ஆஸ்திரியாவின் கிராட்ஸிலும் அதைச் செய்தார்கள். அங்கே 1979 முதல் மெர்சிடிஸின் ஜி-கிளாஸ் தயாரான அனுபவம் இருந்தது. இரண்டில் ஒன்று என்றால் நான் கிராட்ஸ் காரைத்தான் எடுப்பேன். ஆனால் காரணம் ஆஸ்திரியா இல்லை. அனுபவமுள்ள லைன், அதோடு மாடலின் ஆரம்பக் கோளாறுகள் பலவும் சரியான பிறகு தொடங்கிய உற்பத்தி.

போர்ஷே பாக்ஸ்டர் இன்னும் சுவையான ஜோடி. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஒரு லைன். 1997 முதல் 2011 வரை பின்லாந்தின் உசிகாபுன்கியில் வால்மெட் நிறுவனம் நடத்திய இன்னொரு லைன். ஸ்டுட்கார்ட் கார்தான் ‘அசல்’ என்று தேடிப்பிடிப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் பாக்ஸ்டர் வைத்திருப்பவர்களை உண்மையில் பயமுறுத்தியது, எஞ்சினுக்குள் ஓர் இடைத்தண்டைத் தாங்கும் ஐஎம்எஸ் பேரிங். அது உடைந்தால் எஞ்சினே போய்விடும். பின்லாந்து கார்களுக்கும் எஞ்சின் ஸ்டுட்கார்ட்டிலிருந்துதான் போனது. ஆக, பேரிங் உடைந்தபோது இரண்டு நாட்டுக் கார்களிலும் பாரபட்சம் இல்லாமல் உடைந்தது. டகாட்டா நிறுவனத்தின் கோளாறான ஏர்பேக் விவகாரமும் இப்படித்தான். எங்கே அசெம்பிள் ஆனாலும், ஏர்பேக்கை ஊதவைக்கும் அந்தக் கோளாறான இன்ஃப்ளேட்டர் உள்ளே இருந்த கார்கள் ரீகாலுக்கு, அதாவது நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்வதற்கு, போக வேண்டியிருந்தது.

நாடு முக்கியமாகும் இடம் ஒன்று உண்டு. ஆனால் அது தயாரான நாடு இல்லை, விற்கப்படும் நாடு. 2016-இல் இரண்டு நிஸான் கார்களை நேருக்கு நேர் மோதவிட்டுச் சோதித்தார்கள். ஒன்று மெக்சிகோவில் விற்ற சுரு, மற்றது அமெரிக்காவில் விற்ற வெர்சா. இரண்டுமே மெக்சிகோவில் தயாரானவை. ஏர்பேக் இல்லாத சுருவில் ஓட்டுநர் உட்காரும் இடமே நசுங்கியது. வெர்சாவில் அந்த இடம் நிலைத்து நின்றது. பாதுகாப்பைக் கேட்கும் சட்டம் இருந்த சந்தைக்கு ஒரு கார், கேட்காத சந்தைக்கு இன்னொன்று.

உதிரியாக இறக்கிப் பூட்டும் கார்கள், அதாவது சிகேடி, தனிக் கணக்கு. வெல்டிங்கும் பெயின்ட்டும் அங்கேயே நடந்தால் அந்த ஆலையின் திறமை பாடியில் தெரியும். பெயின்ட் அடித்த பாடி வந்து போல்ட் மட்டும் முடுக்கினால் வித்தியாசம் சொற்பம். செலவைக் குறைக்க உள்ளூரில் வாங்கும் ரப்பர், சீட் துணி, பிளாஸ்டிக் போன்றவற்றில்தான் தரம் முதலில் இறங்கும். கேபினைத் தட்டிப் பார்ப்பதைவிட ஜன்னல் ரப்பர் ஓரங்களைப் பார்ப்பது பலன் தரும்.

எங்கே தயாரானது என்று பார்க்க பலர் சேஸிஸ் எண்ணின் முதல் எழுத்தைப் பார்ப்பார்கள்: ‘ஜே’ என்றால் ஜப்பான், ‘டபிள்யூ’ என்றால் ஜெர்மனி. இது எப்போதும் நம்பகமில்லை. பின்லாந்து பாக்ஸ்டரும் ‘டபிள்யூ’வில்தான் தொடங்கும். பதினேழு இலக்கங்களில் பதினோராவதுதான் பெரும்பாலும் ஆலையைக் காட்டும்: பாக்ஸ்டரில் ‘எஸ்’ என்றால் ஸ்டுட்கார்ட், ‘யு’ என்றால் உசிகாபுன்கி. அப்புறம், தயாரான மாதம் தெரிந்தால் அதையும் பாருங்கள். பல கார்களில் கதவோரத் தூணிலேயே ஸ்டிக்கர் இருக்கும். மாடல் வெளிவந்த முதல் சில மாதங்களில் தாய்நாட்டு ஆலையில் செய்த கார் ஒன்றும், மூன்று வருடம் பழகிய வெளிநாட்டு லைனில் அதே சந்தைக்காகச் செய்த கார் ஒன்றும் பக்கத்தில் நின்றால், நான் இரண்டாவதன் சாவியைத்தான் கேட்பேன்.