பேசும் பெட்டி வைக்கலாமா? கோத்தகிரிப் பக்கத்து மளிகைக்கடையிலிருந்து

கணக்கில் பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்லும் இந்த க்யூஆர் பெட்டியை மாமியாருக்காகத்தான் வைத்தோம். பகலில் கல்லாவில் உட்காருவது அவர். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் மனக்கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. போன் விஷயத்தில் மட்டும் ஏமாற்ற முடிந்தது. சீசன் நேரத்தில் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, "போட்டுட்டேன் பாட்டி" என்று சொல்லிவிட்டு வர்க்கிப் பொட்டலத்தோடு காரில் ஏறிப் போனவர்கள் உண்டு. இப்போது பெட்டி தமிழில் தொகையைச் சொல்லும்வரை மாமியார் பொட்டலத்திலிருந்து கையை எடுப்பதில்லை. இந்த ஒரு வேலைக்கே முழு மதிப்பெண் தரலாம்.

பெட்டிக்குள்ளேயே சிம் இருக்கிறது, போன் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. காற்றும் மழையுமாகக் கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடுகிறது. சத்தம் போதும், பஸ் ஹாரனையும் மீறிக் கேட்கிறது. வாடகை மாதம் நூற்றுச் சொச்சம், கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்கிறார்கள். யுபிஐயில் வரும் பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்பதால், கம்பெனிக்காரர்கள் நம்மிடம் காசு பார்க்க இந்த வாடகையும் ஒரு வழி. ஏஜெண்ட் "இலவசம்" என்றால் எத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள். எங்களிடம் வந்தவர் அதைச் சொல்லவே இல்லை.

குறை என்றால் சிக்னல்தான். எங்கள் கடை சரிவில் இருக்கிறது. மே மாதத்தில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது நெட்வொர்க் திணறும். ஆள் கிளம்பிப் போனபின் பெட்டி சாவகாசமாக "நாற்பது ரூபாய்" என்று சொல்லும். அதுவரை அவரை நிறுத்தி வைத்தால் முகம் சுளிக்கிறார்கள், விட்டால் மாமியார் என்னைப் பார்த்துச் சுளிக்கிறார்.

நான் தபாலில் எம்.ஏ. சமூகவியல் படித்தவள். அது கடை நடத்த உதவியதாக வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் இந்தப் பெட்டி வந்தபின் விவியானா ஜெலைசர் அடிக்கடி நினைவுக்கு வருகிறார். எல்லாப் பணமும் ஒரே பணம் இல்லை, மக்கள் ஒவ்வொன்றையும் தனித்தனிக் காரியத்துக்கென்று பிரித்து வைக்கிறார்கள் என்று அமெரிக்கக் குடும்பங்களை வைத்து எழுதிய சமூகவியலாளர். மாமியாரின் கல்லாவும் அப்படித்தான். பால்காரருக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், சீட்டுக்கு ஒரு டப்பா, மேட்டுப்பாளையம் மண்டிக்கு ரப்பர் பேண்ட் போட்ட கட்டு. பெட்டி சொல்லும் பணமோ எல்லாம் ஒரே கணக்கில் போய் விழுகிறது. குழுக் கடன் தவணை பிடிக்கிற நாளில் பால்காசும் சேர்ந்து போய்விடுகிறது. கையில் இருக்கும் பணத்தில் மட்டும் மாமியாரின் பிரிப்பு இன்னும் நிற்கிறது. ஏடிஎம் காலியாகிவிட்டால் டூரிஸ்ட்கள் வந்து "அக்கா, ஜிபே பண்றேன், கேஷ் தரீங்களா?" என்று கேட்பார்கள். மண்டிக்கு இப்போது நாங்களும் யுபிஐயில்தான் அனுப்புகிறோம், அதனால் அந்தக் கட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். பால் பாட்டிலில் மட்டும் கை வைக்க மாமியார் விடமாட்டார்.

இன்னொன்று, விளம்பரத்தில் வராதது. எங்களுக்குப் பாதி வியாபாரம் பற்றுநோட்டில், கடனாக எழுதி வைத்துத்தான் நடக்கிறது. தேயிலை பறிக்கப் போகும் பெண்கள், கையில் பட்டன் போன். அந்த போனிலும் பணம் அனுப்ப 2022 மார்ச்சில் ஒரு வசதி வந்தது, எங்கள் கடையில் அதை யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை. அவர்களுடைய பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் இருக்கிறார்கள். லீவுக்கு வந்தபோது எங்கள் க்யூஆரைப் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள், அங்கிருந்தே அம்மாவின் பற்றை அடைக்கிறார்கள். சாயங்காலம் கடை நிறைய ஆள் நிற்கும்போது பெட்டி திடீரென்று "எழுநூறு ரூபாய்" என்னும். யாரும் போனைத் தொட்டிருக்க மாட்டார்கள். "யாருது, யாருது?" என்று ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு அக்கா, "என் பையன்தான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். பக்கத்தில் நின்ற இன்னொருவருக்கு மூன்று மாதப் பற்று பாக்கி. ரவை கேட்க வந்தவர் கேட்காமலே போய்விட்டார். நோட்டில் இருந்தவரை அது எங்களுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. பெட்டி பெயரைச் சொல்வதில்லை, சரி, ஆனால் சின்ன ஊரில் பெயர் எதற்கு? இப்போது பறிப்பு முடிந்து அவர்கள் வரும் நேரத்தில் சத்தத்தைக் குறைத்து, பெட்டியை மாமியார் காதுப் பக்கம் நகர்த்தி வைத்துவிடுகிறோம்.

டூரிஸ்ட் வியாபாரம் உள்ளவர்கள் யோசிக்காமல் வைக்கலாம். பற்றுக்கடை நடத்துபவர்கள் சத்தம் கூட்டிக் குறைக்கும் பட்டன் வெளியே இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் ஆப்பைத் திறந்துதான் குறைக்க வேண்டும், கல்லாவில் அதற்கு நேரமில்லை. எந்த சிம் உங்கள் சரிவில் எடுக்கிறது என்று ஏஜெண்டைக் கடைக்குள் நிற்க வைத்து, ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.