விநியோகஸ்தரா, ஏஜென்டா, சொந்தக் கம்பெனியா?

வெள்ளிக்கிழமை மாலை. வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றில் நீங்கள் விற்ற பேக்கிங் மெஷின் நின்றுவிடுகிறது. திரையில் ஒரு பிழை எண் மட்டும் மின்னிக்கொண்டிருக்கிறது. ஷிஃப்ட் சூப்பர்வைசர் யாருக்குப் போன் போடுவார்? புதிய நாட்டுச் சந்தைக்குள் எந்த வழியில் நுழைவது என்று யோசிக்கும்போது செலவுக் கணக்குக்கும் முன்னால் நான் கேட்பது இதைத்தான். அந்தப் போன் யாருக்குப் போகிறதோ, வாடிக்கையாளர் அவர் கையில்.

பெரும்பாலோர் முதலில் பிடிப்பது விநியோகஸ்தரை. அவர் நம்மிடம் சரக்கை வாங்கி, தன் பெயரில் இன்வாய்ஸ் போட்டு விற்கிறார். ஸ்டாக் அவர் கிடங்கில் இருக்கும், வராத கடனும் அவர் தலையில். நமக்குப் பணம் வந்துவிடும். பிடிக்காத பக்கமும் இதிலேயே இருக்கிறது: இறுதி விலையை அவர்தான் வைக்கிறார், யாருக்கு விற்றார் என்பதும் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. ஐந்து வருடம் கழித்து அவர் போட்டிக் கம்பெனியின் பொருளுக்கு மாறினால், வாடிக்கையாளர் பட்டியலும் கூடவே போகும்.

அதைவிட மோசமான சிக்கல் பதிவுகளில் வரும். மருத்துவக் கருவி போன்றவற்றைப் பல நாடுகளில் உள்ளூர் பிரதிநிதி ஒருவர் பெயரில்தான் பதிய முடியும். அந்தப் பெயர் விநியோகஸ்தருடையது என்றால் அவரை மாற்றும்போது பதிவை மாற்றித் தரச் சொல்லி அவரிடமே நிற்க வேண்டும், அல்லது முதலிலிருந்து தொடங்க வேண்டும். வணிகக்குறியும் இப்படித்தான். சீனா போன்ற இடங்களில் முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை. சொந்த நாட்டில் விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் வெளியே விண்ணப்பித்தால், வணிகக்குறி, காப்புரிமை போன்றவற்றுக்கான பாரிஸ் உடன்படிக்கைப்படி பழைய தேதியே கணக்கில் வரும். அந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டுவிட்டு, பார்ட்னர் கிடைத்த சந்தோஷத்தில் பிராண்டை அவரையே பதியச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

அடுத்தது கமிஷன் ஏஜென்ட். அவர் பொருளை வாங்குவதில்லை. ஆர்டர் பிடித்துத் தருகிறார், ஒப்பந்தம் நமக்கும் வாங்குபவருக்கும் நேரடியாக நடக்கிறது. வாடிக்கையாளர் யார் என்று தெரியும், விலையும் நம் கையில். விற்றால்தான் கமிஷன் என்பதால் ஆரம்பத்தில் இது மலிவான வழி. செலவு வெளியேறும்போது காத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1986ஆம் ஆண்டு வணிக முகவர் சட்ட உத்தரவு ஏஜென்டுக்கு நல்ல பாதுகாப்பு தருகிறது. காலவரையற்ற ஒப்பந்தத்தை முறிக்க முதல் வருடத்தில் 1 மாதம், இரண்டாம் வருடத்தில் 2, அப்புறம் குறைந்தது 3 மாத அறிவிப்பு கொடுக்க வேண்டும். ஈட்டுத்தொகை தனி. ஜெர்மனியில் அதன் உச்சவரம்பு ஒரு வருடச் சராசரி கமிஷன். பிரான்ஸ் நீதிமன்றங்கள் வழக்கமாக இரண்டு வருடக் கமிஷன் அளவுக்குத் தருகின்றன. இதை ஒப்பந்தத்தில் எழுதித் தள்ளுபடி செய்துவிடலாம் என்று நினைத்தால், அந்த ஷரத்து செல்லாது. இன்னொன்று, ஏஜென்ட் வழக்கமாக நம் சார்பில் ஒப்பந்தங்களை முடித்து வைத்தால், நமக்கே அங்கே நிரந்தர வணிக இடம் இருப்பதாக அந்நாட்டு வரித்துறை வாதிட்டு, அங்கே வரி கேட்கலாம்.

சொந்தத் துணை நிறுவனம் தொடங்கினால் இந்தத் தலைவலிகள் போய் வேறு தலைவலிகள் வரும். ஜெர்மனியில் ஜிஎம்பிஎச் (நம் பிரைவேட் லிமிடெட் போன்றது) வகைக் கம்பெனிக்குக் குறைந்தபட்ச மூலதனம் 25,000 யூரோ. பதிவுக்கு முன் பாதியாவது செலுத்தியிருக்க வேண்டும், நோட்டரி முன் கையெழுத்தும் போட வேண்டும். உண்மையில் இந்தத் தொகை சின்னது. சம்பளம், கணக்காளர், கிடங்கு வாடகை, ஆர்டரே வராத முதல் சில மாதங்கள் ஆகியவைதான் பணத்தை விழுங்கும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைப் போன் நம் ஆளுக்கு வரும், உதிரி பாகம் நம் அலமாரியில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சிஇ குறி (ஒன்றியத்தின் விதிகளுக்குப் பொருந்துகிறது என்பதன் அடையாளம்) இட்ட பல பொருட்களுக்கு 2021 ஜூலை 16 முதல் ஒன்றியத்துக்குள்ளேயே பொறுப்பாளர் ஒருவர் இருந்தாக வேண்டும். அந்தப் பெயரும் நம்முடையதாகிவிடும்.

உள்ளூர் பார்ட்னரோடு பங்கு போட்டுத் தொடங்கும் கூட்டு நிறுவனம் பற்றி நீட்ட எதுவுமில்லை. சட்டம் கட்டாயப்படுத்தினால் தவிர அதை முதல் படியாக எடுக்க மாட்டேன். பயணிகள் கார் தயாரிப்பில் உள்ளூர் பார்ட்னரைக் கட்டாயமாக்கிய அந்நியப் பங்கு உச்சவரம்பை சீனாவே 2022இல் எடுத்துவிட்டது.

மென்பொருள் விற்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஸ்டாக் இல்லை, சுங்கம் இல்லை, பழுதைத் தொலைவிலிருந்தே சரிசெய்யலாம். அவர்களுக்கு ஏஜென்ட் வைத்துத் தொடங்குவது போதும், பெரிய வாடிக்கையாளர்கள் உள்ளூர் கம்பெனியோடுதான் ஒப்பந்தம் போடுவோம் என்று கேட்கும் நாள் வரைக்கும். மெஷின் விற்பவர்கள் அவ்வளவு காத்திருக்க முடியாது. நான் அவர்களுக்குச் சொல்வது: விநியோகஸ்தரோடு தொடங்குங்கள், சர்வீஸ் ஆள் ஒருவரை மட்டும் உங்கள் சம்பளத்தில் வையுங்கள்.

விநியோகஸ்தரோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து கட்டாயம் வேண்டும். எந்த வரிசை எண் கொண்ட மெஷின் எந்தத் தொழிற்சாலையில் நிற்கிறது என்ற பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். வாரன்டிக்குத் தேவை என்று சொன்னால் அதை மறுக்க முகாந்திரம் இல்லை. அப்படியும் இழுத்தடிக்கிற விநியோகஸ்தருக்கு நாடு முழுக்க உரிமை எழுதிக் கொடுக்காமல், ஒரு மாடலை மட்டும் ஒரு வருடத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.