டைம் லாப்ஸுக்குப் பணம் கட்டும் முன் லேப் ஷீட்டைக் கேளுங்கள்

ஐவிஎஃப் சிகிச்சைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். டைம் லாப்ஸ் என்பது கருவை வளர்க்கும் பெட்டிக்குள்ளேயே, அதாவது இன்குபேட்டருக்குள்ளேயே, கேமரா இருக்கும் வகை. எங்களுக்குச் சிகிச்சை செய்த மையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம், அது முடியட்டும்.

முட்டை எடுப்பதற்கு முன் அதை முதிர வைக்கப் போடும் ட்ரிகர் ஊசி போட வேண்டிய அன்று சாயங்காலம், நோயாளிகளிடம் சிகிச்சை, கட்டணம் பற்றிப் பேசும் மையத்தின் கவுன்சிலர் கூப்பிட்டார். "மேடம், உங்களுக்கு முப்பத்தாறு வயசு. சாதாரண இன்குபேட்டர்ல வச்சா கருவை வெளியே எடுத்து எடுத்துப் பார்க்கணும், அது ஷாக் ஆகும். டைம் லாப்ஸ்ல உள்ளேயே கேமரா இருக்கு, திறக்கவே வேண்டாம். சான்ஸ் கூடும். வீடியோவும் தருவோம்." அறுபதாயிரம் ரூபாய், பேக்கேஜுக்கு வெளியே. மறுநாள் காலைக்குள் சொல்ல வேண்டுமாம். என் வளையலில் இரண்டு ஏற்கனவே அடகில் இருந்தன. மூன்றாவதும் போனது. அந்த நேரத்தில் யாருக்குத்தான் வேண்டாம் என்று சொல்ல வாய் வரும்?

பதினோரு முட்டை எடுத்தார்கள், ஆறு கருவானது, ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் என்ற வளர்ந்த கட்டம் வரை வந்தது இரண்டு. ஒன்றை உள்ளே வைத்தார்கள், ஒன்றை உறைய வைத்தார்கள். ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். அதற்கு யார் மேலும் பழி போடவில்லை, முதல் தடவையே எல்லோருக்கும் நிற்பதில்லை என்று எங்களுக்கும் தெரியும்.

அப்புறம்தான் அந்த வீடியோவைக் கேட்டேன். பார்க்க வேண்டும் போல இருந்தது, வேறொன்றும் இல்லை. முதலில் "சர்வர் பிரச்சினை" என்றார்கள். அடுத்து "எம்பிரியாலஜிஸ்ட் லீவ்", அதாவது லேபில் கருவைப் பார்த்துக்கொள்பவர். மூன்றாவது வாரம் ரிசப்ஷனில் இருந்த பெண், "அதெல்லாம் பேஷண்ட்டுக்குத் தர மாட்டோம்க்கா" என்றாள்.

என் கணவர் எழுத்து மூலமாக முழு ரெக்கார்டையும் கேட்டார். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அந்த வரியைக் கடிதத்திலேயே எழுதினார். எண்ணி மூன்றாம் நாள் நகல் கைக்கு வந்துவிட்டது.

அதில் ஒரு பக்கம் கரு வளர்ப்புத் தாள், அதாவது லேப் ஷீட். இன்குபேட்டர் என்ற இடத்தில் நீல மையில் 'பாக்ஸ் 2' என்று இருந்தது. டைம் லாப்ஸ் என்ற வார்த்தையே இல்லை. முதல் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று மூன்று முறை வெளியே எடுத்துப் பார்த்த குறிப்பு, பக்கத்தில் நேரமும் கையெழுத்தும். கேட்டதற்கு, "அந்த வாரம் மெஷின் ஃபுல் மேடம்" என்று ஒரே வரிப் பதில். ஃபுல் என்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டாமா? அறுபதாயிரத்துக்குப் போட்ட பில் மட்டும் அழகாக, ஜிஎஸ்டி நம்பரோடு இருக்கிறது.

ஆனால் எனக்கு வயிறு எரிந்தது அதற்குக் கீழே இருந்த வரியைப் பார்த்துத்தான். வெப்பம் 37 டிகிரி, கார்பன் டை ஆக்சைடு 6 சதவீதம், ஆக்சிஜன் 20 சதவீதம், ஏறக்குறைய வெளிக்காற்றில் இருக்கும் அளவு.

பெண்ணின் உடலுக்குள் கரு வளரும் இடத்தில் ஆக்சிஜன் நாம் மூச்சு விடும் காற்றில் இருப்பதைவிட மிகக் குறைவு. அதனால் நல்ல லேப்களில் நைட்ரஜனைக் கலந்து ஆக்சிஜனை 5 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அப்படி வளர்த்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று 2012-லேயே, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்லிவிட்டது. கேமரா விஷயம் அப்படி இல்லை. பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் 1,575 பேரிடம் செய்த ஆய்வு 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. டைம் லாப்ஸால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடியதாக அதில் தெரியவில்லை. அதாவது, நைட்ரஜன் சிலிண்டர் என்ற பலன் தரும் விஷயத்தில் மிச்சம் பிடித்துவிட்டு, பலன் இல்லாத கேமராவை என்னிடம் விற்றார்கள். அதையும் தரவில்லை.

இன்னொரு மையத்தில் கேட்டேன். அங்கிருந்த எம்பிரியாலஜிஸ்ட் அம்மா பத்து நிமிடம் நின்று பேசினார். வளர்ப்புத் திரவத்தின் பிஹெச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 7.2-க்கும் 7.4-க்கும் நடுவில் இருக்க வேண்டுமாம், அதற்காகத்தான் கார்பன் டை ஆக்சைடை அவ்வளவு கவனமாக வைக்கிறார்களாம். வாயு அளவை மெஷினின் திரையை மட்டும் நம்பாமல் தனிக் கருவியால் தினமும் சரிபார்க்கிறோம் என்று அந்த நோட்டையே திறந்து காட்டினார். கேட்காமலே காட்டினார்.

நீங்கள் கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது, "ஆக்சிஜன் எவ்வளவு வைக்கிறீர்கள், என் கரு எந்த இன்குபேட்டரில் இருக்கும், எழுதித் தருவீர்களா" என்பதுதான். டைம் லாப்ஸுக்குக் காசு வாங்கினால், மெஷினில் இடம் இல்லாவிட்டால் பணம் திரும்ப வரும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பில்லையும் வாட்ஸ்அப் மெசேஜையும் அழிக்காதீர்கள். எங்கள் மனுவுக்குக் கைகொடுத்தது கவுன்சிலர் அனுப்பிய வாய்ஸ் நோட்தான்.

உறைய வைத்த அந்த ஒரு கரு இன்னும் அங்கேதான் இருக்கிறது. வேறு மையத்துக்கு மாற்றக் கேட்டு எழுதியிருக்கிறோம். அதற்கு இன்னும் பதில் இல்லை. அடுத்த வருடத்துக்கான ஃப்ரீசிங் கட்டணம் கட்டச் சொல்லி மட்டும் நேற்று மெசேஜ் வந்தது.