கம்பைல் செய்து வைத்த எக்ஸ்பாத்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வலைப்பக்க அட்டவணைகளிலிருந்து தரவு எடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களுக்குச் சில வருடங்களாகவே எக்ஸ்பாத்தைத்தான் (பக்கத்தின் உறுப்புகளைத் தேடி எடுக்கும் வினவல் மொழி) பயன்படுத்துகிறேன். உலாவியின் கிரியேட்எக்ஸ்பிரஷன் என்ற செயற்கூறு மூலம் வினவலை ஒருமுறை கம்பைல் செய்து (ஓட்டத் தயாரான வடிவத்துக்கு மாற்றி) வைத்துக்கொண்டு, தேவையான ஒவ்வொரு நோடிலும் (பக்கத்தின் ஒவ்வொரு உறுப்பும் ஒரு நோடு) எவால்யுவேட் மூலம் அதை ஓட்டுவது என் வழக்கம்.

பக்க உறுப்புகளைத் தேர்ந்தெடுக்க வழக்கமாகப் பயன்படும் சிஎஸ்எஸ் செலக்டர் போதாதா என்று கேட்பார்கள். ஒரு நோடை உள்ளே வைத்திருக்கும் பெற்றோர் நோடைப் பிடிக்க இப்போது ஹேஸ் என்ற செலக்டர் வந்துவிட்டது, சரி. ஆனால் ‘மொத்தம்’ என்று எழுதியிருக்கும் தலைப்புக் கட்டத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பக்கத்துக் கட்டத்தை எடுக்க செலக்டரால் முடியாது. எக்ஸ்பாத்தில் அது ஒரே வரி. அட்டவணையின் நடுவில் புதிதாக ஒரு வரிசையைச் சேர்த்தாலும் அந்த வினவல் உடையாது.

கம்பைல் செய்வதால் வேகம் பெரிதாகக் கூடியதாக எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பிடித்தது வேறு: வினவலில் அடைப்புக்குறி விட்டுப்போனால் கம்பைல் செய்யும்போதே சின்டாக்ஸ் எரர் (எழுதிய முறையில் பிழை) வந்துவிடும். எல்லா வினவல்களையும் நிரலின் தொடக்கத்திலேயே கம்பைல் செய்தால், பிழை நடுவழியில் வந்து நிற்காது.

ஒரு புள்ளி விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும். ஒவ்வொரு வரிசை நோடையும் கொடுத்து வினவலை ஓட்டுகிறீர்கள், ஆனால் வினவல் // என்று தொடங்குகிறது என்றால், தேடல் ஆவணத்தின் உச்சியிலிருந்தே நடக்கும். விடையைச் சரமாக (எழுத்துத் தொடராக) கேட்டிருந்தால் எல்லா வரிசைக்கும் ஒரே மதிப்பு வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. .// என்று எழுதினால்தான் கொடுத்த நோடுக்குள் தேடும்.

அப்புறம், விடை வகை. விடைகளை ஒவ்வொன்றாகத் தரும் இட்டரேட்டரை வாங்கி, சுற்றுக்குள்ளேயே நோடை நீக்கினால் அடுத்த அழைப்பில் இன்வேலிட்ஸ்டேட் எரர் வரும். பக்கத்தை மாற்றும் வேலை என்றால், விடைகளை மொத்தமாக முதலிலேயே பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட்தான் என் தேர்வு.

ஷேடோ டாமுக்குள் (பக்கத்தின் மற்ற பகுதியிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட உறுப்புகள்) எக்ஸ்பாத் நுழையாது. எஸ்விஜி (வரைபட) உறுப்புகளுக்கு, அவை எந்தப் பெயர்வெளியைச் சேர்ந்தவை என்று சொல்லும் நேம்ஸ்பேஸ் ரிசால்வர் வேண்டும். உலாவிகளில் இருப்பது 1999-இல் வந்த எக்ஸ்பாத் 1.0 என்பதால் ரெகுலர் எக்ஸ்பிரஷனும் (எழுத்து அமைப்பை வைத்துத் தேடும் முறை) கிடையாது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வினவலுக்கு வெளியிலிருந்து மாறிகளை (மாறும் மதிப்புகளை) கொடுக்க வழியில்லாததுதான் பெரிய குறை. தேடும் சொல் மாறினால் வினவலையே மறுபடி ஒட்டி கம்பைல் செய்ய வேண்டும். சொல்லில் ஒற்றை மேற்கோளும் இரட்டை மேற்கோளும் சேர்ந்து வந்தால் சரங்களை இணைக்கும் கான்கேட் செயற்கூறைப் போட்டுத் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். அதனால் அப்படிப்பட்ட இடங்களில் தலைப்புக் கட்டங்கள் எல்லாவற்றையும் பொதுவான ஒரு வினவலால் எடுத்துவிட்டு, ஒப்பிடுவதை ஜாவாஸ்கிரிப்டில் செய்கிறேன்.