நான்கரை ஆண்டு இயங்கலைப் படிப்பு: கைகொடுத்தது எது, காலை வாரியது எது

2020 செப்டம்பரில் சேர்ந்தேன். 2025 தொடக்கத்தில் கடைசித் தேர்வை எழுதினேன். மேலாண்மைப் பட்டப்படிப்பு, முழுக்க இயங்கலையில் (ஆன்லைனில்). மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுச் சில்லு (சிப்) தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். வீடு அக்கரையில், பட்டர்வொர்த்தில். 12 மணிநேர ஷிப்ட்; ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு. சேரும்போது வயது 36. "வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா அக்கா?" என்று உடன் வேலை செய்யும் பெண்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தொழிற்சாலை பஸ் வருவதற்குள் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒருமுறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வெட்டிச் செலவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 280 ரிங்கிட்டுக்கு ஒரு ஹெட்ஃபோன் வாங்கினேன்; இப்போது அதை மாட்டிக்கொண்டு மகன் விளையாடுகிறான். அட்டவணை போட்டுத் தரும் செயலி ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். அட்டவணை மிக அழகாக இருந்தது. அதன்படி ஒரு நாள்கூடப் படிக்கவில்லை. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் 80 பேருக்குமேல் இருந்தோம். காலை வணக்கப் படங்களைத் தாண்டி ஒரு கேள்விக்குப் பதில் தேடுவதற்குள் தே தாரிக் ஆறிவிடும்.

என்னைக் கெடுத்தது வேறொன்று: வகுப்பின் காணொளிப் "பதிவு இருக்கிறதே" என்ற நிம்மதி. சனிக்கிழமை இரவு நேரலை வகுப்பு. இரவு ஷிப்ட் வாரத்தில் அதில் கலந்துகொள்ள வழியே இல்லை. ஆகவே பதிவு இல்லாமல் என்னைப் போன்றவர்கள் படிக்கவே முடியாது, அதை மறுக்கவில்லை. ஆனால் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது நாளடைவில் எப்போதும் பார்க்காமல் இருப்பதாக மாறிவிடும். இரண்டாம் பருவத்தில் 11 பதிவுகள் சேர்ந்துவிட்டன. தேர்வுக்கு முந்தைய வாரம் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. அந்த 'மாதிரி'தான் ஆபத்து.

அதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் சுங்கைப்பட்டாணியில் இருக்கும் ஓர் அக்கா. ஒரு குழுப் பணியில் என்னோடு சேர்ந்தவர். நேரில் பார்த்ததே இரண்டு முறைதான். புள்ளியியல் பாடத்தில் தடுமாறி ஒரு புதன்கிழமை என்னை அழைத்தார்.

"திட்ட விலக்கம், அந்த standard deviation, என்றால் என்னம்மா?"

"அது ஓர் அளவு அக்கா."

"எதை அளக்கிறது?"

எனக்கு வாய் வரவில்லை. அந்தக் காணொளியை மூன்று முறை பார்த்திருந்தேன். ஆங்கிலத்தில் சூத்திரம் மனப்பாடம். தமிழில் ஒரு மனுஷிக்கு விளக்கு என்றால் உள்ளே ஒன்றுமே இல்லை. "மூன்று தடவை பார்த்தேன் என்கிறாய், வாயைத் திறந்தால் ஒன்றையும் காணோமே!" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் வேலையில், எங்கள் இயந்திரம் இணைத்த கம்பிகளின் இழுவிசைச் சோதனையில் வந்த எட்டு எண்களை ஒரு தாளில் குறித்து வந்தேன். சராசரி கண்டேன். ஒவ்வோர் எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பக்கத்தில் எழுதினேன். அப்போதுதான் உறைத்தது: எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைச் சொல்வதுதான் அந்த அளவு. பத்தாண்டுகளாக நான் வேலையில் தினமும் பார்க்கும் கட்டுப்பாட்டு வரைபடத்தில் மேலும் கீழும் ஓடும் இரண்டு சிவப்புக் கோடுகள் சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கம் தள்ளிப் போட்டவை. புள்ளி கோட்டைத் தாண்டினால் இயந்திரத்தை நிறுத்துவோம். ஏன் அந்த இடத்தில் கோடு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இயல்பான பரவலில் நூற்றுக்கு 99.73 அந்தக் கோடுகளுக்குள் அடங்கிவிடும். வெளியே ஒன்று விழுந்தால் ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட வேண்டும். அன்றிரவே அக்காவை அழைத்துச் சொன்னேன். தேர்வில் அந்தக் கேள்வி வந்தது என்பதைவிட, இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்பதுதான் எனக்குப் பெரிது.

அதிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் அழைப்பு. பகல் ஷிப்ட் வாரத்தில் இரவு 9 மணி, இரவு ஷிப்ட் வாரத்தில் மாலை 5 மணி. அரைமணி நேரம்தான். புத்தகமும் திரையும் மூடியிருக்க வேண்டும். அந்த வாரப் பாடத்தை ஒருவர் தமிழில் சொல்ல வேண்டும், மற்றவர் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும். தயாராகாமல் போனால் மதிப்பெண் குறையாது, மானம் போகும். எந்தச் செயலியின் நினைவூட்டலும் அந்த வேலையைச் செய்யவில்லை.

இது எங்கள் இருவரின் விசித்திரம் என்று நினைத்திருந்தேன். பிறகு கற்றல் முறைகள் பற்றிய பாடத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு வந்தது. ஒரு பகுதியை நான்கு முறை படித்த மாணவர்களுக்கு ஒரு வாரம் கழித்துச் சுமார் 40 விழுக்காடு நினைவில் இருந்தது. ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61. வேடிக்கை என்னவென்றால், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு எனக்கு எல்லாம் தெரிந்தது போல இருந்ததன் ரகசியம் அதுதான்.

பஸ் பயணத்தையும் சொல்ல வேண்டும். பஸ்ஸில் புதுப் பாடம் பார்க்க முயன்று தூங்கிப் போனதுதான் மிச்சம். அதற்குப் பதிலாகக் கேள்வி ஒரு பக்கம், பதில் மறுபக்கம் எழுதிய அட்டைகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பினாங்குப் பாலம் கடல்மேல் 8.4 கிலோமீட்டர் போகிறது. நெரிசல் இல்லாவிட்டால் ஏறி இறங்குவதற்குள் பத்து அட்டை முடியும். நெரிசல் இருந்தால் இருபது. நெரிசலைத் திட்டாத ஒரே பயணி நான்தான்.

கைப்பேசிக்கு ஒரே மருந்துதான் பலித்தது. படிக்கும் நேரத்தில் அதைச் சாமி மேடையில் முருகன் படத்தின் அருகே வைத்துவிடுவேன். எழுந்துபோய் எடுத்து, அங்கேயே நின்று வீண் காணொளி பார்க்கக் கூச்சமாக இருக்கும்.

ஒரு குறையும் உண்டு. மூன்றாம் ஆண்டில் ஓர் ஒப்படைப்பு நள்ளிரவுக்குள் ஏற்ற வேண்டும். படங்களோடு கோப்பு பெருத்துவிட்டது. 11:40க்குத் தளம் சுற்றிக்கொண்டே நின்றது. 12:07க்குத்தான் ஏறியது. பத்து மதிப்பெண் வெட்டினார்கள். திரையைப் படம்பிடித்து (ஸ்கிரீன்ஷாட்) அனுப்பி முறையிட்டேன்; "விதிமுறைப்படி" என்று ஒரே வரியில் பதில். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனால் அதன்பிறகு எனக்கான கெடு எப்போதும் முந்தைய நாள் காலைதான்.

பணம் கட்டுவது உதவுமா என்று கேட்பவர்களுக்கு: ஓரளவு உதவும். இதற்குமுன் இலவச வகுப்புகள் மூன்றில் சேர்ந்து மூன்றையும் பாதியில் விட்டவள் நான். எம்ஐடி, ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களின் இலவச இயங்கலை வகுப்புகளை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த கட்டுரையில், 2017–18இல் சேர்ந்தவர்களில் 3.13 விழுக்காட்டினரே முடித்ததாகவும், சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 விழுக்காட்டினர் முடித்ததாகவும் இருக்கிறது. ஆனால் பணம் கட்டியவர்களிலும் பாதிக்குமேல் முடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். எங்கள் குழுவிலும் முழுக் கட்டணம் கட்டிவிட்டுக் காணாமல் போனவர்கள் உண்டு. அவர்களில் சிலர் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். புதன்கிழமை அவர்களை யாரும் அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

அக்காவுக்கு நடுவில் ஒரு பருவம் விட்டுப்போனதால் இன்னும் இரண்டு பாடங்கள் பாக்கி. நாளை புதன்கிழமை, பொருளாதாரத்தில் தேவை நெகிழ்ச்சி பற்றி, அதாவது விலை மாறினால் வாங்குவது எவ்வளவு மாறும் என்பது பற்றிச் சொல்லப் போகிறார். குறுக்குக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் நானும் இன்றிரவு கொஞ்சம் படித்தாக வேண்டும்.