சாக்லேட் சிரப் ரத்தமும் ஒரு ப்ளூ-ரே டிஸ்க்கும்

‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) என்ற அமெரிக்க ஜாம்பி படத்துக்கு கிரைட்டீரியன் என்ற டிஸ்க் நிறுவனம் 2018-இல் போட்ட ப்ளூ-ரேயை, படத்துக்காக இல்லை, அதை எப்படி எடுத்தார்கள் என்று பார்க்கத்தான் வாங்கினேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவும் கூட்டாளிகளும் கைக்காசைப் போட்டு ஆரம்பித்து, கடைசியில் சுமார் 1,14,000 டாலரில் முடித்த படம் இது. கதை நடக்கும் வீடு? இடிக்கவிருந்த ஒரு பண்ணை வீடு, அதனால் எதை உடைத்தாலும் கேட்க ஆளில்லை. கறுப்பு வெள்ளை என்பதால் ரத்தத்துக்கு சாக்லேட் சிரப்பே போதுமாக இருந்தது. பணம் போட்டவர்களில் ஒருவர் கறிக்கடைக்காரர், ஜாம்பிகள் தின்னும் காட்சிக்கான குடலும் ஈரலும் அவர் தந்தது. அந்தக் காட்சியை இனி சாப்பிட்டுக்கொண்டே பார்க்க முடியாது, சொல்லிவிட்டேன்.

4கே-யில் புதுப்பித்த பிரிண்ட் அவ்வளவு துல்லியம், புல் நுனிகூடத் தெரிகிறது. படம் ஓடும்போதே கூடவே கேட்கிற இரண்டு வர்ணனைகளில் நடிகர்கள் பேசுவது வெறும் அரட்டை மாதிரி இருக்கிறது, ஆனால் அந்த அரட்டையில்தான் சரக்கே இருக்கிறது. படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பு வாசகம் விட்டுப்போய், படமே யாரும் காசு தராமல் வெளியிடக்கூடிய பொதுச்சொத்தாகிவிட்ட கதை தெரிந்தால் வயிறு எரியும்.

அப்புறம் ஒன்று, ப்ளூ-ரே டிஸ்க்குகளை உலகப் பகுதிவாரியாகப் பூட்டி விற்பார்கள், இது ரீஜன் ஏ டிஸ்க். நம் ஊர் பிளேயர்கள் ரீஜன் சி. அதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, ஓடக்கூடிய பிளேயர் கிடைக்க நான் இரண்டு மாதம் அலைந்தேன்.