லின்னேவாட்னெட் ஏரியில் கிராவிட்டி கோரர்: பல பருவப் பயன்பாட்டுக்குப் பின்

ஸ்வால்பார்டின் மேற்குக் கரையோரம் உள்ள லின்னேவாட்னெட், பனியாறு கரைந்து வரும் வண்டல் ஆண்டுதோறும் அடுக்கடுக்காகப் படியும் ஏரி. அங்கே நாங்கள் பயன்படுத்திவருவது 60 மி.மீ. பிளாஸ்டிக் குழாய், மேலே எடைகள், தூக்கும்போது தானே மூடும் வால்வு கொண்ட சாதாரண கிராவிட்டி கோரர்: தன் எடையாலேயே ஏரித் தரையில் இறங்கி, அடுக்குகள் கலையாத ஓர் உருளைச் சேற்றை (அதுதான் கோர்) எடுத்துவரும் கருவி. ஏரியின் பனியில் துளையிட்டு இறக்க இரண்டு பேர் போதும்.

ஆளைப் பொறுத்துத்தான் இதன் தரம். கயிற்றை விட்டுவிட்டால் வேகமாக இறங்கும் குழாய் முன்னால் தள்ளும் நீரே மேல் சேற்றை அடித்துக்கொண்டு போய்விடும். போவது கடைசிச் சில பத்தாண்டுகள். தரைக்கு ஒரு மீட்டர் மேலே நிறுத்தி, ஆட்டம் அடங்கியதும் மெதுவாக இறக்குங்கள். குழாயில் சேற்றுக்கு மேல் தெளிந்த நீர் நின்றால் நல்ல கோர். கலங்கல் என்றால் கொட்டிவிட்டு, துளையைத் தள்ளிப் போட்டு மறுபடி எடுங்கள். சேறு வால்வைத் தொட்டிருந்தாலும் அதே கதி.

அடி ரப்பர் தக்கையை, குழாயின் வாய் துளை நீருக்குள் இருக்கும்போதே கைவிட்டுச் செருக வேண்டும். வெளியே எடுத்தபின் செருகலாம் என்றால் கோர் வழுக்கி ஏரிக்கே போய்விடும். மைனஸ் 20 டிகிரியில் வால்வு வளையத்தில் பனி பிடித்து மூடாமல் போவது வாடிக்கை. ஒரு பிளாஸ்க் வெந்நீர் கையோடு இருக்கட்டும், மாற்று வளையங்களும். கோர் உறையவே கூடாது; பனிப் படிகங்கள் மெல்லிய அடுக்குகளைக் கிழித்துவிடும். மேல்நீரை ஒரு விரல் அளவு விட்டு வடித்து, சோடியம் பாலிஅக்ரிலேட் தூவினால் கெட்டியாகிவிடும் (குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் அதே பொடி). அதன்மேல் பூ அலங்காரப் பச்சை நுரையை வைத்து மூடி, நிமிர்த்தியே கொண்டு போங்கள்.

குறை, நீளம். ஒரு மீட்டருக்குள் சில நூற்றாண்டுகள்தான் கிடைக்கும். ஹோலோசீன் (கடைசிச் சுமார் 11,700 ஆண்டுகள்) முழுக்க வேண்டுமென்றால், நீண்ட கோர் எடுக்கும் பிஸ்டன் கோரர்தான்.

உண்மையான தலைவலி வயது கணிப்பு. சுற்றுப் பாறைகளின் நிலக்கரியிலும் சுண்ணாம்பிலும் இருந்து பழைய கார்பன் கலப்பதால், மொத்தச் சேற்றில் கார்பன் 14 (கதிரியக்கக் கார்பன்) பார்த்தால் உண்மையைவிட மிகப் பழைய வயது வரும். துருவ வில்லோ, ட்ரையஸ் போன்ற நிலத் தாவரங்களின் இலைத் துணுக்குகளைச் சல்லடையில் பொறுக்கி அனுப்புங்கள். அண்மைக்கால அடுக்குகளுக்கு அணுகுண்டுச் சோதனைகளால் விழுந்த கதிரியக்கச் சீசியம் 137-இன் 1963 உச்சம் நம்பகமானது. காற்றிலிருந்து விழும் கதிரியக்க ஈயம் 210-இன் அரையாயுள் சுமார் 22 ஆண்டுகள்; ஆனால் ஆர்க்டிக்கில் அது விழுவதே சொற்பம், பனியாற்று வண்டல் இன்னும் நீர்க்கச் செய்துவிடும். அதை மட்டும் நம்பி ஆண்டு அட்டவணை போடாதீர்கள்.

அடுக்கு எண்ணும்போது கவனம்: கோடைப் பெருமழை ஒன்று தனி அடுக்கு போட்டுவிட்டுப் போகும், அது இன்னோர் ஆண்டு போலவே தெரியும். அடுக்கு தடித்தால் அந்தக் கோடை வெப்பமானது என்று மட்டும் படிப்பதும் இதனால்தான் சறுக்குகிறது. கைரோனமிட் (கடிக்காத கொசு போன்ற பூச்சி) புழுக்களின் தலைகளைக் கொண்டு கோடை வெப்பம் கணிக்க மாதிரிக்குக் குறைந்தது 50 தலைகள் தேவை. இந்த வண்டலில் அதற்கு நிறையச் சேறு அழியும். அதற்குப் பனியாறு வடியாத பக்கத்துச் சிற்றேரி ஒன்றில் தனி கோர் எடுத்துவிடுங்கள்.